இருபத்தெட்டுப் பாயின்ட் கணக்கு

(கள்ளக்குறிச்சியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த அறக்கட்டளையை ஏற்படுத்தியவர் ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியர். ஓய்வுபெறும்போது கைக்கு வந்த பணத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து, ஆண்டுக்கு ஒருமுறை பள்ளிக்கூடத்தைப் பற்றி யாராவது பேச வேண்டும் என்று எழுதிவைத்தார். எனக்கு முன்னால் பேசியவர்கள் கல்விக் கொள்கை, கல்வித் தத்துவம் என்று பெரிய பொருள்களை எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அந்த அளவுக்குப் படிப்பில்லை. 31 ஆண்டுகள் அரசுப் பள்ளிகளில் கணக்கு வாத்தியாராக இருந்தவன். அதில் 6 ஆண்டுகள் கல்வராயன் மலையில். அதனால் ஒரு வகுத்தல் கணக்கை வைத்துத் தொடங்குகிறேன்.

612ஐ 6ஆல் வகுக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்புக்கு ஒவ்வொரு ஜூன் மாதமும் முதல் வாரத்தில் இதைத்தான் கொடுப்பேன். பிள்ளை என்ன செய்யும்? 6இல் 6 ஒரு தடவை. 1ஐ இறக்கு. 1இல் 6 போகாது. சரி, 2ஐயும் இறக்கு. 12இல் 6 இரண்டு தடவை. விடை 12. நடுவில் போட வேண்டிய பூஜ்ஜியம் போடப்படவில்லை. எந்த ஆண்டு தாளைத் திருத்தினாலும் ஒரு கொத்துத் தாளில் இந்த 12 இருக்கும்.

அந்தத் தாளை எழுதிய பிள்ளையைக் கூப்பிட்டு, “612 ரூபாயை ஆறு பேர் பிரிச்சுக்கிட்டா ஆளுக்கு எவ்வளவு?” என்று கேட்பேன். கூரையைப் பார்க்கும். “ஆளுக்கு நூறு... மிச்சம் பன்னெண்டு... நூத்தி ரெண்டு சார்.” அப்புறம் தாளைக் காட்டுவேன். வாயில் வந்தது 102, கையில் வந்தது 12. இரண்டும் ஒரே கணக்கு என்று அந்தப் பிள்ளைக்குத் தோன்றவே தோன்றாது. ஒருவன் சொன்னான்: “அது ரூவாக் கணக்கு சார். இது வகுத்தல் கணக்கு.”

இன்றைக்கு நான் சொல்ல வந்தது இந்த ஒரு வாக்கியத்துக்குள்ளேயே இருக்கிறது. கொஞ்சம் பிரித்துச் சொல்கிறேன்.

ஒன்பதாம் வகுப்பில் பல்லுறுப்புக்கோவை வகுத்தல் வருகிறது. பத்தாம் வகுப்பில் அதே வகுத்தல் முறையில் பல்லுறுப்புக்கோவையின் வர்க்கமூலம் காண வேண்டும். அங்கேயும் ஓர் உறுப்பு இல்லாவிட்டால் அந்த இடத்துக்குப் பூஜ்ஜியம் போட வேண்டும். 612இல் பூஜ்ஜியத்தை விட்டவன் அங்கேயும் விடுவான். நாம் “பத்தாம் வகுப்புக் கணக்கு அவனுக்கு வரவில்லை” என்று எழுதிவிடுகிறோம். அவனுக்கு வராதது நான்காம் வகுப்புக் கணக்கு. ஆறு வருடத்துப் பாக்கி, வட்டியோடு சேர்ந்து பத்தாம் வகுப்பில் வந்து கதவைத் தட்டுகிறது. கடையில் பாக்கி வைத்தால் நோட்டில் எழுதிவைப்பார்கள். பள்ளிக்கூடத்தில் அந்த நோட்டு கிடையாது.

வரலாற்றுப் பாடத்தில் ஒரு வாரம் வராவிட்டால் அந்தப் பாடம் மட்டும் போகும். பல்லவரைப் படிக்காதவன் சோழரைப் படிக்கலாம். கணக்கில் அப்படி இல்லை. பின்னம் நடந்த பத்து நாள் ஒரு பிள்ளை வரவில்லை என்றால், விகிதம், சதவீதம், வட்டி, முக்கோணவியல் என்று வரிசையாக எல்லாமே சரியும். மலையில் இதை நான் கண்ணால் பார்த்தேன். வேலை தேடி கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் போகும் குடும்பங்கள் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போகும். காப்பிப் பழம் பறிப்பதும் மிளகு பறிப்பதும் பெரும்பாலும் நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள். பள்ளியில் பாடம் வேகமாக ஓடும் மாதங்களும் அவைதான். திரும்பி வரும் பிள்ளைக்குப் பதிவேட்டில் பெயர் இருக்கும், வகுப்பில் இடம் இருக்கும். கணக்கில் இடம் இருக்காது.

மலையின் கதையையும் இங்கே மறந்துவிடக் கூடாது. 1976 வரை அங்கே ஜாகீர்தார்கள் ஆட்சி. நாடு விடுதலையாகி ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழித்துத்தான் அங்குள்ள மலையாளிப் பழங்குடி மக்கள் நேரடியாக அரசின் கீழ் வந்தார்கள். உண்டு உறைவிடப் பள்ளிகள் இல்லாவிட்டால் அந்த மக்களில் பலர் பள்ளிக்கூட வாசலையே பார்த்திருக்க மாட்டார்கள். 2019 நவம்பர் 26இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்டு கல்வராயன்மலை தனி வட்டமானது. அலுவலகங்கள் மேலே ஏறிவிட்டன. ஆசிரியர்கள் இன்னும் கச்சிராயபாளையத்துப் பக்கமிருந்து பஸ் ஏறித்தான் போகிறார்கள். பஸ் தவறினால் முதல் பீரியட் போச்சு. முதல் பீரியட் அநேகமாகக் கணக்காகத்தான் இருக்கும். காலையில் மூளை புதிதாக இருக்கும் என்று அப்படிப் போட்டுவைப்பது நம் வழக்கம்.

இப்போது தேர்வுக்கு வருகிறேன். இதில் என் குற்றமும் இருக்கிறது.

பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளுக்கு 100 மதிப்பெண். ஒரு மதிப்பெண் வினா 14. இரண்டு மதிப்பெண் வினா 10 எழுத வேண்டும், ஐந்து மதிப்பெண் வினா 10 எழுத வேண்டும். கடைசியில் எட்டு மதிப்பெண்ணில் இரண்டு: ஒன்று வடிவியல் வரைதல், ஒன்று வரைபடம். தேர்ச்சிக்கு 35. இங்கே இருக்கும் கணக்கு ஆசிரியர்களுக்கு நான் மேலே சொல்ல வேண்டியதில்லை, சிரிக்கிறீர்கள். வரைதலும் வரைபடமும் 16. புத்தகத்துப் பின்பக்க ஒரு மதிப்பெண்ணை மனப்பாடம் செய்தால் ஒரு பத்து. உறவுகளும் சார்புகளும் பாடத்தில் ஓர் ஐந்து மதிப்பெண், புள்ளியியலில் இன்னொன்று. 35 தாண்டியாயிற்று. ‘மெல்லக் கற்போர்’ என்று தனியாக ஒரு பட்டியல் போட்டு, ஜனவரியிலிருந்து அவர்களுக்கு இதை மட்டும் போட்டுத் தேய்ப்போம். ‘மினிமம் மெட்டீரியல்’ என்று அதற்கு ஒரு பெயர். முதன்மைக் கல்வி அலுவலர் கூட்டும் ரிவ்யூ மீட்டிங்கில் எழுந்து நின்று சதவீதம் சொல்ல வேண்டியது நாம்தானே. நானும் தேய்த்தேன். என் பள்ளியில் சதவீதம் ஏறியது. ஒரு வருடம் பாராட்டுச் சான்றிதழ்கூட வாங்கினேன். அது வீட்டில் எங்கேயோ இருக்கிறது.

ஒரு பையனுடைய தாள் மட்டும் மறக்கவில்லை. y = x² − 4 என்ற வரைபடம். அட்டவணையில் x = −3க்கு x² என்ற இடத்தில் −9 என்று எழுதியிருந்தான். அதன்படி y −13 வர வேண்டும். அட்டவணையில் −13 என்றே போட்டிருந்தான். ஆனால் வரைபடத்தில் புள்ளியை மேலே, +5இல் வைத்து, கச்சிதமான வளைவரை வரைந்திருந்தான். கூப்பிட்டுக் கேட்டேன், ஏன்டா அட்டவணையில் ஒன்று, வரைபடத்தில் ஒன்று? “கிண்ணம் மாதிரி வரணும்ல சார்” என்றான்.

கிண்ணம் எப்படி வரும் என்று நான்தான் பத்துத் தடவை போர்டில் காட்டியிருந்தேன். ஒரு குறை எண்ணை அதே குறை எண்ணால் பெருக்கினால் ஏன் மிகை எண் வருகிறது என்பதை ஏழாம் வகுப்பில் அவனுக்கு யாரும் காட்டவில்லை. பத்தாம் வகுப்பில் நானும் காட்டவில்லை. நேரம் இல்லை. அவன் தேறினான். சந்தோஷமாக மிட்டாய் கொண்டுவந்து கொடுத்தான்.

எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தாமல் மேலே தள்ளுவதால்தான் இந்த நிலை என்று சொல்பவர்கள் இந்த அரங்கிலும் இருப்பீர்கள். 2010இல் கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு இந்தக் குரல் ஓயவே இல்லை. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஐந்தாம் வகுப்பில் நிறுத்தினால் அந்தப் பையன் அதே புத்தகத்தை, அதே விதத்தில், அதே பெஞ்சில் உட்கார்ந்து இன்னொரு தடவை கேட்பான். இரண்டாம் வருடம் பெஞ்சு காலியாகும். மலையில் பெண் பிள்ளை என்றால் அந்த பெஞ்சு காலியான கொஞ்ச நாளில் கல்யாணப் பத்திரிகை வரும். மற்ற பாடமெல்லாம் தேறி, கணக்கு ஒன்றில் மட்டும் நின்ற பெண்கள் பலரை எனக்குத் தெரியும். துணைத் தேர்வுக்குப் பணம் கட்ட வீட்டில் யாரும் யோசிக்க மாட்டார்கள். “அவளுக்குப் படிப்பு ஏறலை” என்பது ஊருக்கே தெரிந்துபோயிருக்கும்.

பிள்ளைக்குக் கணக்கு வராமல் போவதில் மொழிக்கும் ஒரு பங்கு உண்டு. இதை நம் பயிற்சிக் கூட்டங்களில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. ‘ஐந்தில் மூன்று’ என்று சொல்கிறோம். காதில் முதலில் விழுவது ஐந்து. எழுதும்போது முதலில் எழுத வேண்டியது மூன்று, மேலே. பிள்ளை காதில் விழுந்த வரிசைப்படி 5ஐ மேலே எழுதி 3ஐக் கீழே எழுதும். அது கவனக்குறைவு என்று நாம் சிவப்பு மையில் சுழிக்கிறோம். தமிழில் பகுதிதான் முதலில் வரும், தொகுதி பிறகு வரும் என்று ஒரே ஒரு நாள் சொல்லிக் கொடுத்தால் தீர்ந்துபோகும் சங்கதி. ஒன்பதைப் பாருங்கள். ஒன்பது, தொண்ணூறு, தொள்ளாயிரம். எட்டு, எண்பது, எண்ணூறு என்று ஒழுங்காக வந்த பிள்ளை, ஒன்பதில் ஒரு படி முன்கூட்டியே நூறு என்ற ஓசையைக் கேட்டுத் தடுமாறும். 2012-13இல் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் திறந்த பிறகு இன்னொன்று சேர்ந்துகொண்டது. வீட்டில் ‘ஐந்தில் மூன்று’, வகுப்பில் ‘த்ரீ பை ஃபைவ்’. தலைகீழ்.

கலைச்சொல்லும் அப்படித்தான். கர்ணம் என்றால் செங்கோண முக்கோணத்தின் நீளமான பக்கம். எங்கள் காலத்தில் கிராமத்துக் கணக்குப் பிள்ளைக்கும் கர்ணம் என்றுதான் பெயர். 1980இல் அந்தப் பதவியை ஒழித்துவிட்டார்கள். முக்கோணத்தில் உட்கார்ந்திருக்கும் கர்ணம் மட்டும் இன்னும் வேலையில் இருக்கிறார், என்ன வேலை பார்க்கிறார் என்று பிள்ளைகளுக்குத் தெரியாமலே.

இதே தமிழுக்குள் நல்ல சொத்தும் இருக்கிறது. கால் என்றால் நான்கில் ஒன்று. அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று. அரையை ஒரு காலோடு பெருக்கினால் அரைக்கால்; பெயரே பெருக்கலைச் செய்து முடித்துவிட்டது. மாகாணி பதினாறில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. திண்ணைப் பள்ளியில் எண்சுவடி வைத்துப் பிள்ளைகள் இதையெல்லாம் பாராமல் ஒப்பித்தார்கள். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தைச் சேர்ந்த செந்தில் பாபு இந்தக் கணக்கு மரபைப் பற்றி விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். நான் அந்தத் திண்ணையைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லவில்லை. எல்லாச் சாதிப் பிள்ளைக்கும் அந்தத் திண்ணையில் இடம் இருக்கவில்லை, மலைப் பிள்ளைக்குத் திண்ணையே இல்லை. ஆனால் அங்கே கணக்கு நெல்லையும் நிலத்தையும் கூலியையும் தொட்டுக்கொண்டு இருந்தது. நாம் அந்தத் தொடுப்பை அறுத்துவிட்டோம்.

அறுந்தது எப்படித் தெரியும் என்றால், ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். மலையடிவாரத்துக் கிராமம். அப்பாவுக்கு இரண்டரை ஏக்கர், மரவள்ளி. நம் பக்கத்துப் பேச்சில் குச்சிக்கிழங்கு. வகுப்பில் நேர் மாறுபாடு நடத்திக்கொண்டிருந்தேன். y = kx. k என்பது விகிதசம மாறிலி. மாறிலி என்றால் என்ன என்று அவனை எழுப்பிக் கேட்டேன். நின்றான். கேள்வியை மாற்றினேன். “உங்கப்பா கிழங்கு போட்டாரே, எவ்வளவு வந்துது?”

பையனுக்கு முகம் மாறியது. சேகோ மில்லில் கிழங்கை டன் கணக்கில் மட்டும் வாங்க மாட்டார்கள். கொஞ்சம் கிழங்கை எடுத்து மாவுச்சத்து பார்ப்பார்கள். அதற்குப் ‘பாயின்ட்’ என்று பேர். ஒரு டன்னுக்கு, ஒரு பாயின்ட்டுக்கு இவ்வளவு என்று விலை. அவன் சொன்னான்: “28 பாயின்ட் சார். பாயின்ட் 300. டன்னுக்கு 8,400.” லோடு எவ்வளவு? “3 டன் 200.” அப்போ மொத்தம்? கண்ணை மூடவில்லை, விரலை மடக்கவில்லை. “மூணு டன்னுக்கு 25,200. இருநூறு கிலோ அஞ்சில ஒண்ணு, 1,680. ஆக 26,880 சார்.” நான் போர்டில் பெருக்கிப் பார்த்தேன். சரிதான். அதோடு விடவில்லை அவன். “ஆனா சார், மில்லுல 27ன்னுட்டாங்க. ஒரு பாயின்ட் குறைச்சா 960 ரூவா போச்சு.”

ஒரு பாயின்ட் மாறினால் தொகை எவ்வளவு மாறும். அதுதானே k? அந்த லோடுக்கு k = 960. y = 960x. அந்தக் கோட்டின் சாய்வு அவனுடைய அப்பாவின் வாயில் வசவாக வந்துகொண்டிருந்தது. நான் அதைப் போர்டில் k என்று எழுதிவிட்டு, தெரியுமா தெரியாதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்கு y = kx என்பதை அழித்துவிட்டு, குறுக்கே பாயின்ட், நெடுக்கே ரூபாய் என்று வரைபடம் போட்டோம். வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் கிழங்கு. கரும்பு போட்டவர்கள் தனியாகச் சத்தம் போட்டார்கள்.

இது ஏதோ ஒரு கெட்டிக்காரப் பையனின் கதை என்று தள்ளிவிடாதீர்கள். பிரேசில் நாட்டு ரெசிஃபி நகரத்தில் தெருவில் இளநீரும் பழமும் விற்ற ஐந்து பிள்ளைகளிடம் மூன்று ஆய்வாளர்கள் இதையே செய்து பார்த்து 1985இல் எழுதினார்கள். வியாபாரத்தில் கேட்டபோது நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு சரி. அதே எண்களைக் காகிதத்தில் வெறும் கணக்காகக் கொடுத்தபோது நூற்றுக்கு முப்பத்தேழு. 2025இல் நேச்சர் இதழில் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் மற்றவர்களும் சேர்ந்து கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் 1,436 பிள்ளைகளை வைத்து எழுதியது இதன் தொடர்ச்சிதான். சந்தைப் பிள்ளைகள் பல பொருள்களின் விலையைக் கூட்டிப் பெருக்கி மீதிச் சில்லறை தருகிறார்கள். பள்ளித் தாளில் உள்ள எளிய கணக்கில் திணறுகிறார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கோ நேர் எதிர். தாளில் கணக்கு வருகிறது, சந்தையில் கையைப் பிசைகிறார்கள். இந்த இரண்டாவது பாதியை நம்முடைய தனியார் பள்ளி நண்பர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டத்துக்காகக் கணிதக் கல்வி பற்றி ஓர் அறிக்கை தயாரானது. அதைத் தயாரித்த குழுவுக்குத் தலைவர் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் ராமானுஜம். அறிக்கை பட்டியலிட்ட குறைகள் இவை: பெரும்பாலான பிள்ளைகளிடம் கணக்கு என்றால் பயம், தோற்றுவிட்டோம் என்ற எண்ணம். திறமையுள்ள சிலருக்கும் நிறைவு தராத, மற்றவர்களை வெளியே நிறுத்தும் பாடத்திட்டம். முரட்டுத்தனமான தேர்வு முறை. ஆசிரியருக்குப் போதிய தயாரிப்பு இல்லாமை. நோய் இருபது வருடத்துக்கு முன்பே இப்படி எழுதிவைக்கப்பட்டது. அதற்குப் பிறகு சமச்சீர்க் கல்வி வந்தது, 2018இல் புதிய புத்தகங்கள் வர ஆரம்பித்தன, படங்கள் அழகாக வந்தன, கியூஆர் கோடு வந்தது. தேர்வுத் தாள் பெரிதாக மாறவில்லை.

இந்த இடத்தில் இன்னொரு ராமானுஜனையும் சொல்ல வேண்டும், சீனிவாச ராமானுஜன். டிசம்பர் 22 வந்தால் எல்லாப் பள்ளியிலும் படத்துக்கு மாலை போடுகிறோம். 1910இல் அவர் நம் மாவட்டத்துக்கு வந்தார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? திருக்கோவிலூரில் அப்போது துணை ஆட்சியராக இருந்தவர் வி. ராமசாமி ஐயர், 1907இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். அவரிடம் ராமானுஜன் நோட்டுப் புத்தகங்களை எடுத்துக்கொண்டு குமாஸ்தா வேலை கேட்டு வந்தார். ஐயர் நோட்டைப் புரட்டினார். வேலை கொடுக்கவில்லை, இந்த ஆளை வருவாய்த் துறையின் அடிமட்டத்தில் போட்டு அமுக்கக் கூடாது என்று, சென்னைக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். பிள்ளைகளிடம் ராமானுஜனின் கதையை மேதையின் கதையாகவே சொல்கிறோம். “அதெல்லாம் அவங்களுக்கு சார்” என்று பிள்ளைகள் ஒதுங்கிக்கொள்கிறார்கள். எனக்கு அந்தக் கதையில் பிடித்த ஆள் ராமசாமி ஐயர். எதிரே நின்றவரின் நோட்டை வாங்கி, உட்கார்ந்து, பார்த்தார். கல்லூரித் தேர்வில் தோற்றவர் என்பதை வைத்து அனுப்பிவிடவில்லை.

நம் பிள்ளைகளின் நோட்டை நாம் அப்படிப் பார்க்கிறோமா? சரியா தப்பா என்று பார்க்கிறோம். எப்படித் தப்பு என்று பார்ப்பதில்லை. 12 என்று எழுதியவனும் 120 என்று எழுதியவனும் 612இல் ஒரே மாதிரி தோற்கவில்லை. ஒருவன் பூஜ்ஜியத்தை விட்டான், ஒருவன் இடம் மாற்றிப் போட்டான். மருந்து வேறு வேறு.

அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் 2022இல் வந்தபோது சிறு வகுப்புகளுக்கு நல்லது நடக்கும் என்று நம்பினேன், நடக்கவும் செய்கிறது. அதற்குள் மேலே போய்விட்ட பிள்ளைகளுக்காக 2025-26இல் 6 முதல் 9ஆம் வகுப்பு வரை ‘திறன்’ என்ற திட்டம் வந்திருக்கிறது. பாக்கியைக் கணக்கெடுத்து அடைக்கும் முயற்சி. திசை சரி என்பதே என் கருத்து. ஆனால் அதே ஆசிரியர், அதே பீரியடில், போர்ஷனும் முடிக்க வேண்டும், பாக்கியும் அடைக்க வேண்டும் என்றால் எது முதலில் கைவிடப்படும் என்று உங்களுக்கே தெரியும். கல்வராயன் மலைப் பள்ளிகளுக்காவது இந்த வேலைக்கென்று தனியாக ஓர் ஆசிரியர் வேண்டும், அவர் மலையிலேயே தங்க வீடு வேண்டும். கேட்க வேண்டிய இடத்தில் நான் கேட்டிருக்கிறேன். இன்று இந்த மேடையிலும் கேட்டுவைக்கிறேன்.

ஆசிரியர்களிடம் கேட்பது சின்ன விஷயம். வரும் ஜூனில் பள்ளி திறந்ததும், ஒன்பதாம் வகுப்பில் முதல் பாடத்தைத் தொடங்குவதற்கு முன்னால், 612ஐ 6ஆல் வகுக்கச் சொல்லுங்கள். பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எத்தனை தாளில் 12 வந்தது, எத்தனை தாளில் 102 வந்தது, வேறு என்னென்ன வந்தது என்று எண்ணி ஓர் அஞ்சலட்டையில் எனக்கு எழுதுங்கள். என் விலாசம் அழைப்பிதழின் பின்பக்கத்தில் இருக்கிறது.